விழுறது என் முறை

நேற்று ராத்திரி ராஜாமணி மாமா பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தார். அந்தக் கோபம் தூங்கி எழுந்தும் தணியவில்லை. கெடாருக்குத் திரும்ப வேண்டிய மனிதர், வேண்டுமென்றே கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, திண்டிவனத்தில் தங்கை வீட்டுக் கூடத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துவிட்டார். காரணம் ஒன்றே ஒன்று. தங்கை மகள் கலைமதி விடிந்ததும் விழுப்புரத்துக்குப் போகக் கூடாது.

போய் என்ன செய்யப் போகிறாள்? விழப் போகிறாள். பதினெட்டுத் தடவை.

ஜூடோவில் கறுப்பு பெல்ட் பரீட்சை என்றால் சண்டை மட்டும் இல்லை. ஒருத்தி எறிந்து காட்ட வேண்டும், இன்னொருத்தி விழுந்து காட்ட வேண்டும். ஒன்பது வகை எறிதல். ஒவ்வொன்றும் வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை. பெல்ட் எறிகிறவளுக்கு, முதுகுவலி விழுகிறவளுக்கு. நன்றாக விழத் தெரிந்த துணை கிடைக்காவிட்டால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியும் வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

போன வருஷம் கலைமதி எறிந்தாள், ஆரோக்கியசெல்வி விழுந்தாள். கலைமதிக்கு பெல்ட் கிடைத்தது. இந்த வருஷம் செல்வியின் முறை. அவள் எறிய வேண்டும், கலைமதி விழ வேண்டும்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? செல்வி காலனிப் பெண். மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கும் தேவசகாயத்தின் மகள். அவ்வளவுதான் இருக்கிறது. மாமாவுக்கு அது போதும்.

காலை ஐந்தரைக்குக் கலைமதி எழுந்து வந்து பார்த்தபோது, கொடியில் மடிப்புக் கலையாமல் தொங்கிய ஜூடோ டிரஸ்ஸைக் காணவில்லை.

குளியலறையில் இருந்தது. வாளியில். வாளி நிறைய நுரை, தரையெல்லாம் நுரை.

ஜூடோ டிரஸ் சாதாரணத் துணி கிடையாது. கழுத்துப்பட்டையே விரல் தடிமன் இருக்கும். ஒருமுறை நனைந்தால் காய ஒன்றரை நாள் ஆகும். அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

"யாரு இதை ஊறப்போட்டது?"

வீடே அதிர்கிற மாதிரி கத்தினாள். கூடத்தில் மாமா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வாசலில் அப்பா சின்னதுரை ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் தூசியே இல்லை.

அம்மா கோவிந்தம்மாள் சமையற்கட்டிலிருந்து வந்தாள். வாளியைப் பார்த்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான் போட்டேன். நாறிச்சு, போட்டேன். இப்ப இன்னாங்கற?"

"முந்தாநேத்துதான தொவைச்சேன்! இஸ்திரி போட்டு மாட்டியிருந்தேன்! இன்னிக்குப் பரீட்சைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பண்ணியா? பெத்தவளா நீ?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா திறந்தார்.

"ஏன் பாப்பா அம்மாகிட்ட கத்திக்கினு இருக்க? நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கா. நீ பெல்ட்டு வாங்கிட்ட, முடிஞ்சுபோச்சு. இனி அவளுக்கு நீ எதுக்குப் போய் விழணும்? தேவசகாயம் மவ உன்னைத் தூக்கி அடிப்பா, அதை அவங்க போட்டோ புடிப்பாங்க, நாளைக்கு பேனரு வைப்பாங்க. நம்ம மானம் கப்பலேறிடும்."

தேவசகாயத்துக்கு மாமாவைவிடப் பத்து வயசு அதிகம். மாமா வாயிலிருந்து அந்தப் பேர் வெறும் பேராகத்தான் வரும்.

"பேனரா? பேனரு வச்சது நீங்க மாமா! போன வருஷம் நீங்கதான வச்சீங்க!"

வைத்தார். பத்தடிக்கு எட்டடி. கெடார் பஸ் நிறுத்தத்தில் ஒன்று, திண்டிவனத்தில் இந்தத் தெருமுனையில் ஒன்று. கலைமதி இடுப்பைக் கொடுத்துத் திரும்பி நிற்கிறாள், செல்வியின் இரண்டு காலும் ஆகாயத்தில், தலை கீழே. 'எதிராளியை மண்ணைக் கவ்வ வைத்த எங்கள் வீட்டு வீராங்கனையே!' அடியில் வரிசையாகப் பன்னிரண்டு சொந்தக்காரர்களின் முகம். செல்வியின் பேர் எங்கேயும் இல்லை.

எதிராளியாம்! எட்டு மாசம் கூடவே பழகி, விழுந்து விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு, இவளுக்கு பெல்ட் வாங்கிக் கொடுத்தவள் எதிராளி. சண்டையில் தோற்றவள் எவள், துணைக்கு விழுந்தவள் எவள் என்று மாமாவுக்குத் தெரியாது. கலைமதிக்குத் தெரியும். அந்தப் போட்டோவை மாமாவுக்கு அனுப்பியதே அவள்தான். பேனரைப் பார்த்தாள், சுருக்கென்றது, பெரியவங்க ஆசையா வச்சது என்று சும்மா இருந்துவிட்டாள். பேனர் தொங்கிய மூன்று வாரமும் சும்மா இருந்தாள். இப்போது மாமாமேல் வந்த கோபத்தில் பாதி தன்மேல் வந்தது.

"நான் போறேன் மாமா. ஈரத்தோட போறேன்."

"சின்னதுரை! உம் பொண்ணு பேசறதைக் கேட்டுக்கினு இருக்கியா?"

அப்பா துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உள்ள போய்ப் பேசுங்க. தெருவே பார்க்குது" என்றார். மறுபடி ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

கலைமதி டிரஸ்ஸை வாளியிலிருந்து உருவினாள். கைப்பிள்ளைக் கனம் கனத்தது. இரண்டு தண்ணீரில் அலசினாள், நுரை போவதாயில்லை. மணி ஆறு ஆகிவிட்டது. முறுக்கப் பார்த்தாள், ஒற்றை ஆளாக முடியவில்லை.

"புடி அந்தத் தலைப்ப" என்று அம்மா மறுமுனையைப் பிடித்தாள். இவள் ஒரு பக்கம் முறுக்க, அவள் மறுபக்கம் முறுக்கினாள்.

"ஏ கோவிந்தம்மா! இன்னா பண்ற நீ?" மாமாவுக்குக் கண் சிவந்துவிட்டது.

"தண்ணி சொட்டினா பஸ்ஸுல ஏத்த மாட்டாண்ணே. அதான் புழியறேன்."

"நல்லா இருக்கும்மா" என்றாள் கலைமதி. "ஊறப்போடறதும் நீ, புழியறதும் நீ. உன் மூஞ்சியில முழிக்கவே புடிக்கல." அம்மா யூரியா சாக்குப் பையைக் கொண்டுவந்து, துணியை அதில் திணித்துக் கொடுத்தாள்.

பஸ் விக்கிரவாண்டி தாண்டும்போது பையின் அடியிலிருந்து கசிந்த தண்ணீர் முன்சீட்டுக்காரரின் செருப்பை நனைத்தது. "இன்னாம்மா, மீனா?" என்றார். கலைமதி முறைத்த முறைப்பில் அவர் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

விழுப்புரத்தில் பரீட்சை நடக்கிற ஹாலின் வாசலிலேயே செல்வி நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் சிரித்துக்கொண்டு ஓடிவருகிறவள் இன்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வர மாட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.

"ஏண்டி அப்படி நெனச்ச?"

"உங்க மாமா நேத்து நம்ம ஜூடோ மாஸ்டருக்கு போன் பண்ணாரு. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி."

வேறு ஆளாவது! விண்ணப்பத்தில் துணையாகக் கலைமதியின் பேர் இருக்கிறது, மாற்ற முடியாது. பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவை. பயிற்சியாளர் படிப்புக்கு செல்வி போட்டிருக்கும் மனுவோடு கறுப்பு பெல்ட் சான்றிதழை இந்த மாசம் முடிவதற்குள் சேர்க்க வேண்டும். இன்று தவறினால் அந்தப் படிப்பும் போச்சு. எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் மாமா போன் போட்டிருக்கிறார்.

உள்ளே பரீட்சை நடத்த வந்த அம்மாள் சாக்குப் பையைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார்.

"ஈர டிரஸ்ஸோட மெத்தையில கால் வைக்கக் கூடாது. அது ரூல். உங்க பேரைக் கடைசியில போடறேன், பன்னெண்டு மணிக்கு. அதுக்குள்ள காஞ்சா வாங்க, இல்லன்னா அடுத்த வருஷம்."

அவர்மேல் கோபப்பட முடியாது. ரூல் ரூல்தான். கலைமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை.

"குடும்மா இப்படி" என்று ஒரு கை பையை வாங்கிக்கொண்டது. தேவசகாயம். மகளின் பரீட்சைக்காக மார்க்கெட்டுக்குப் போகாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஹாலுக்கு எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் கண்ணையனின் இஸ்திரி வண்டி. தேவசகாயம் என்ன சொன்னாரோ, கண்ணையன் கையில் இருந்த வேட்டியை ஓரம் வைத்துவிட்டு ஜூடோ டிரஸ்ஸை விரித்தார். பெட்டியை வைத்ததும் 'உஸ்'ஸென்று ஆவி கிளம்பியது. கூடவே தையலோரமெல்லாம் நுரை பொங்கியது.

"எந்த மகராசன்மா இதை ஊறப்போட்டது?" என்றார் கண்ணையன். "ஒரு பாக்கெட் தூளைக் கொட்டியிருப்பான்போல. துணி தொவைச்சுப் பழகின கை இப்படிக் கொட்டாதே."

"எங்கம்மா" என்றாள் கலைமதி வெறுப்பாக.

கண்ணையன் கரியைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். ஒரு கையைத் தேய்த்து முடிக்கவே பத்து நிமிஷம் ஆனது.

"செல்வி அப்பா, ஒண்ணு கேட்கணும்" என்றாள் கலைமதி. "போன வருஷம் அந்த பேனரை நீங்க பாத்தீங்கதான?"

அவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார்.

"பாக்காம எப்படிம்மா? வேலைக்குப் போற வழிதான அது." பிறகு, "அதுகூடப் பரவாயில்ல. தை மாசம் கெடார்ல இருந்து மல்லாட்டை லோடு ஒண்ணு வந்துது. பனி எறங்கக் கூடாதுன்னு கடலை மூட்டைமேல எதையோ போட்டு மூடியிருந்தாங்க. அவுத்தா அந்த பேனரு. எம் பொண்ணு தலைகீழா இருக்கா, மேல மல்லாட்டைத் தூசி. கூட இருந்த ஆளுங்க சிரிச்சானுங்க. நான்தான் மடிச்சு டிரைவர் கையில குடுத்தேன்" என்றார்.

கலைமதி அவர் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏன் சொல்லல நீங்க?"

"சொல்லியிருந்தா நீ இன்னாம்மா பண்ணியிருப்ப?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டார். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தவளிடம் எங்கேயிருந்து பதில் இருக்கும்?

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டிரஸ் கைக்கு வந்தது. சூடாக, விறைப்பாக. கழுத்துப்பட்டையில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது. பரீட்சை நடத்தும் அம்மாள் தொட்டுப் பார்த்தார், இரண்டாவது தடவையும் தொட்டுப் பார்த்தார். "சரி, ஏறுங்க."

இருவரும் மெத்தையில் ஏறி வணங்கினார்கள்.

முதல் எறி. கலைமதி விழுந்தாள், கை மெத்தையில் அடித்தது. இரண்டாவது. மூன்றாவது. ஆறு தடவை விழுந்து எழுந்ததும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. செல்வி எறியவில்லை, இறக்கி வைக்கிறாள். கண்ணாடிச் சாமான் மாதிரி பார்த்துப் பார்த்து இறக்கி வைக்கிறாள். பரீட்சை நடத்தும் அம்மாள் பேனாவை எடுத்து ஏதோ குறித்தார்.

மூன்று எறி முடிந்தால், மெத்தையின் ஓரம் போய் டிரஸ்ஸைச் சரிசெய்துகொண்டு திரும்புவது முறை. கடந்து போகும்போது கலைமதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"எறியேண்டி! எங்க மாமனுக்குப் பயந்து என்னைத் தாலாட்டறியா?"

"உனக்கு அடிபட்டா எங்க வீட்டுக்குத்தான்டி ஆள் வரும்."

"அப்ப ஃபெயில் ஆயிட்டுப் போ. எங்க மாமா நெனச்சது நடக்கட்டும்."

செல்வியின் முகம் மாறியது. ஒரு வருஷமாக இவள் முன்னால் சிரித்துச் சிரித்து மூடி வைத்திருந்த முகம். அடுத்தது இடுப்பில் ஏற்றி எறிவது. பேனரில் வந்த அதே எறி. செல்வி உள்ளே நுழைந்தாள், இடுப்பைக் கொடுத்தாள், கலைமதியின் கால் தரையை விட்டது. உத்தரம் காலுக்குக் கீழே சுற்றியது. 'பட்'டென்று விழுந்த சத்தத்தில் பின்வரிசையில் யாரோ "யம்மா!" என்றார்கள்.

அப்புறம் செல்வி நிறுத்தவே இல்லை. வலம், இடம், வலம், இடம். ஒவ்வொரு எறியிலும் அந்த மூன்று வாரம் இருந்தது, மல்லாட்டை லோடு இருந்தது. கலைமதியின் முழங்கைத் தோல் உரிந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு. கலைமதி கடைசியாக எழுந்து நின்றபோது செல்வி அழுதுகொண்டிருந்தாள். கோபம் தீர்ந்த அழுகையாகத் தெரியவில்லை. எதிரும் புதிருமாக நின்று வணங்கினார்கள்.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு பேர்களை வாசித்தார்கள். ஆரோக்கியசெல்வி, தேர்ச்சி. தேவசகாயம் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செல்வி அப்பா, போட்டோ எடுத்தீங்களா?"

"எடுக்கலம்மா." போனைச் சட்டைப்பையிலிருந்து அவர் வெளியிலேயே எடுத்திருக்கவில்லை. "நீ விழுற போட்டோ எங்ககிட்ட இருக்க வேணாம்."

மாஸ்டர் எடுத்திருந்தார். போனில் வாங்கிப் பார்த்தாள் கலைமதி. தன் இரண்டு காலும் ஆகாயத்தில், தலை கீழே, கழுத்துப்பட்டையில் இன்னும் காயாத ஈரத் திட்டு. அச்சு அசல் போன வருஷப் படம், ஆள் மட்டும் மாறியிருந்தது.

"செல்வி, என்கூட ஒரு இடத்துக்கு வா."

அந்தக் கடையின் பேரும் விலாசமும் போன வருஷ பேனரின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது அவளுக்கு மறக்கவில்லை. விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில். எதற்கு என்று தெரிந்ததும் செல்வி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள்.

"வேணாண்டி. உனக்கு வீரம் வந்துடுச்சு, அடி எங்க தெருவுக்கு விழும்."

"உங்க தெருவுல வைக்கலடி. கெடார்ல, எங்க மாமா வச்ச அதே இடத்துல. வச்சது கலைமதின்னு அடியில என் பேரு இருக்கும். உன் பேரு போடலாமா வேணாமான்னு நீ சொல்லு. வேணான்னா இப்பவே எறங்கிடறேன்."

செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் போடல இல்ல?" என்றாள். "போடு. பெருசா போடு."

கடைக்காரப் பையன் வல்லரசு போட்டோவைப் பார்த்ததும், "இந்த மாதிரி ஒண்ணு முன்னாடியே பண்ணியிருக்கேன்க்கா, ஃபைல் இருக்கு" என்று பழையதைத் திறந்தான். எதிராளி, மண்ணு, கவ்வல் எல்லாவற்றையும் கலைமதி அழிக்கச் சொன்னாள். பன்னிரண்டு முகமும் போயிற்று. 'கறுப்பு பெல்ட் பெற்ற ஆரோக்கியசெல்விக்கு வாழ்த்துகள். எறிந்தவர்: ஆரோக்கியசெல்வி. விழுந்தவர்: கலைமதி, த/பெ சின்னதுரை.'

"புரூஃப் அனுப்பிட்டேன்க்கா, பார்த்து ஓகே சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வரலியே?"

"வந்திருக்குமே... ஃபைல்ல இருந்த நம்பருக்குத்தான் போட்டேன்." வல்லரசு திரையைப் பார்த்தான். "ராஜாமணி, கெடார்."

இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.

செல்வி, "போச்சு" என்றாள். கலைமதியின் போன் அடித்தது. அப்பா.

"கலை, மாமன் போட்டோவைக் காட்டினான். நம்ம ஸ்கூட்டர எடுத்துக்கினு அங்கதான் வர்றான். அதை நிறுத்திடு பாப்பா."

"நிறுத்த மாட்டேன்."

"உங்கம்மா மேல இருக்கற கோவத்துல எதையாவது பண்ணிடாத."

"கோவம்தான்! பெத்தவ பண்ற வேலையா அது?"

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"ஊறப்போட்டது அவ இல்ல" என்றார் அப்பா. "நான்தான். மாமன் போடச் சொன்னான், போட்டேன். நான் சொல்றதுக்குள்ள அவ முந்திக்கினா. நானும் சும்மா இருந்துட்டேன்."

ஒரு பாக்கெட் தூள். பழகின கை இப்படிக் கொட்டாதே என்று கண்ணையன் அப்போதே சொன்னார். அம்மா தூளை உள்ளங்கையில் அளந்துதான் போடுவாள், இருபது வருஷமாக அப்படித்தான். மறுமுனையைப் பிடித்து முறுக்கிய அம்மாவின் முகத்தைப் பார்த்து, முழிக்கவே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கலைமதி போனை வைத்தாள்.

"தம்பி, த/பெ சின்னதுரைன்னு இருக்குல்ல, அதை எடுங்க."

"எடுத்துட்டு?"

"கோவிந்தம்மாள் மகள்னு போடுங்க."

வல்லரசு தயங்கினான். "அக்கா, ராஜாமணி அண்ணன் நம்ம ரெகுலர் கஸ்டமரு. பேஜாராயிடும்."

"அடியில உங்க கடை பேரு போட வேணாம், விட்டுடுங்க. பிரின்ட் எவ்ளோ நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம்."

திண்டிவனத்திலிருந்து மாமா ஓட்டி வருகிற ஸ்கூட்டருக்கு முக்கால் மணி. அவர் இருக்கிற ஆத்திரத்துக்கு அரை மணி. வல்லரசு ஒரு தடவை படிக்கட்டைப் பார்த்தான், ஒரு தடவை கலைமதியின் உரிந்த முழங்கையைப் பார்த்தான். மெஷினைத் தட்டினான்.

அச்சாகி முதலில் வந்தது கலைமதியின் பாதம். செல்வி குனிந்து, வெளியே வருகிற பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"புடிடி அந்தப் பக்கம்" என்றாள்.